காய்க்காத செடியின் விதை

பள்ளிக்கூடத் தாவரவியல் வகுப்பில் முதலில் பிளேடுக்கு ஆளாகும் பூ செம்பருத்தி. பெரிய பூ, பாகங்கள் எல்லாம் வெறும் கண்ணுக்கே தெரியும், எந்தத் தெருவிலும் கிடைக்கும். நெடுக்குவாட்டில் பிளந்து, புல்லிவட்டம், அல்லிவட்டம், மகரந்தத்தாள் வட்டம், சூலக வட்டம் என்று நான்கையும் வரைந்து பாகம் குறித்தால் மதிப்பெண். அடுத்த பக்கத்தில் பாடம் சொல்லும்: சூற்பை கனியாகும், உள்ளிருக்கும் சூல்கள் விதைகளாகும். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இதைப் படித்து, எழுதி, வீட்டுக்குத் திரும்புகிறார்கள். வாசலில் அதே செம்பருத்தி நிற்கிறது. நாள் தவறாமல் பூக்கிறது. அதில் காய் ஒன்றைப் பார்த்தவர்கள் மிகக் குறைவு.

செடிக்கு வயதாகிவிட்டது, உரம் போதவில்லை, வெயில் குறைவு என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அதெல்லாம் இல்லை. அந்தச் செடி உங்கள் வாசலுக்கு எப்படி வந்தது என்று யோசித்துப் பாருங்கள். பக்கத்து வீட்டிலோ கோயில் நந்தவனத்திலோ ஒரு போத்தை ஒடித்து வந்து, மழைக்காலத்து ஈர மண்ணில் யாரோ ஊன்றியிருப்பார்கள். பக்கத்து வீட்டுச் செடியும் வேறொரு செடியின் போத்துதான். பின்னோக்கி எவ்வளவு தூரம் போனாலும் வழியில் ஒரு விதை தட்டுப்படுவது அரிது. போத்திலிருந்து வளர்வது புதிய செடி அல்ல. தாய்ச்செடியின் கிளை வேறொரு மண்ணில் வேர்விட்டு நிற்கிறது, அவ்வளவுதான். தாயின் மரபணுத் தொகுப்பு ஏறக்குறைய அப்படியே அதில் இருக்கும். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு கொல்லையில் பூக்கும் ஒற்றைச் சிவப்பும் நாகர்கோவிலில் ஒரு மதிலோரம் பூக்கும் ஒற்றைச் சிவப்பும் ஒரே பழைய செடியின் இரண்டு துண்டுகளாக இருந்தால் வியப்பதற்கில்லை.

இதனால் என்ன குறை? செம்பருத்தி வகைகளில் பல தம் மகரந்தத்தைத் தாமே ஏற்பதில்லை. ஒரே பூவில் மகரந்தமும் சூலகமும் அடுத்தடுத்து இருந்தாலும், சொந்த மகரந்தம் விழுந்தால் கருவுறுதல் நிறைவேறுவதில்லை. உறவு விட்டு வெளியே கலக்கவேண்டும் என்பதற்காகப் பல பூச்செடிகள் வைத்திருக்கும் தடை இது. தெரு முழுக்க ஒரே செடியின் போத்துகளே நின்றால், பக்கத்து வீட்டு மகரந்தமும் சொந்த மகரந்தம்தான். நூறு பூ பூத்தாலும் நூறும் உதிரும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த வெண்டையைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் வித்தியாசம் விளங்கும். வெண்டைப் பூவிலும் அதே ஐந்து இதழ், அதே மகரந்தத் தூண். ஆனால் வெண்டைக்குத் தன் மகரந்தம் போதும். மாடித்தோட்டத்தில் தொட்டிக்கு ஒரு செடியாக நின்றாலும் பூத்த ஒவ்வொரு பூவும் அநேகமாகக் காயாகிவிடும். நாம் வெண்டையை வளர்ப்பது காய்க்காக. ஆகவே காய்ப்பதிலிருந்து விதையெடுத்து, அதையே மறுபடி விதைத்து வந்தோம். செம்பருத்தியை வளர்ப்பது பூவுக்காக. அது காய்த்ததா என்று யாரும் கேட்கவில்லை. காய்க்காததை ஒடித்து ஊன்றியபோதும் அது பூத்தது.

அடுக்குச் செம்பருத்தியின் கதை இன்னும் ஒரு படி மேல். அடுக்கடுக்காக மடிந்து கிடக்கும் இதழ்களில் உட்புறத்தவை பலவும் பிறப்பால் இதழ்களே அல்ல, மகரந்தத்தாள்களாக வரவேண்டியவை. பூவின் எந்த வட்டம் எதுவாக வேண்டும் என்பதை மூன்று வகை மரபணுக்கள் சேர்ந்து தீர்மானிக்கின்றன என்று 1991இல் என்ரிக்கோ கோனும் எலியட் மேயரோவிட்ஸும் விளக்கினார்கள். உள்வட்டங்களில் வேலை செய்ய வேண்டிய மூன்றாம் வகை மரபணு அடங்கிப்போனால், மகரந்தத்தாள் வரவேண்டிய இடத்தில் இதழ் வந்துவிடும். ரோஜாவிலும் நாம் கொண்டாடும் அடுக்கு இப்படி வந்ததுதான். அடுக்குப் பூவை உற்றுப் பார்த்தால், ஓரத்தில் மஞ்சள் மகரந்தப்பை ஒட்டிக்கொண்டிருக்கும் பாதி இதழ்கள் ஒன்றிரண்டு கண்ணில் படும். இதழாகி முடிக்காத மகரந்தத்தாள்கள் அவை. அடுக்கு வகையிலிருந்து விதை எடுப்பது கடினம். முதல் முயற்சிக்கு ஒற்றை இதழ் வகைகளையே எடுத்துக்கொள்ளுங்கள்.

ஆக, விதை வேண்டுமென்றால் இரண்டு வெவ்வேறு செடிகள் வேண்டும். வாசலில் நிற்கும் நாட்டுச் சிவப்போடு, நர்சரியிலிருந்து மஞ்சளோ வெள்ளையோ ஆரஞ்சோ ஒன்று வாங்கி வையுங்கள். இரண்டும் ஒரே நாளில் பூக்க வேண்டும், அதுதான் நிபந்தனை. மற்றதைத் தேன்சிட்டு பார்த்துக்கொள்ளும் என்று நினைக்க வேண்டாம். நம் ஊர்த் தேன்சிட்டு செம்பருத்தியில் தேன் எடுக்கும் விதத்தை ஒரு காலை நின்று பார்த்தாலே தெரியும். பூவின் வாய் வழியாக அது நுழைவதில்லை. பின்பக்கமாகக் காம்பில் உட்கார்ந்து, இதழ்களின் அடியில் அலகால் குத்தித் தேனை உறிஞ்சிவிட்டுப் போய்விடும். மகரந்தம் அதன் உடம்பில் படுவதே இல்லை. அதனால் இந்த வேலையை நம் கையே செய்ய வேண்டும்.

காலையில் பூ முழுதாக விரிந்து, வெயில் ஏறத் தொடங்கும் நேரம் பொருத்தமானது. பூவின் நடுவில் நீண்டிருக்கும் தூணைப் பாருங்கள். மகரந்தத்தாள்கள் எல்லாம் ஒட்டிப் பிறந்து உண்டான குழாய் அது. பக்கவாட்டில் மஞ்சள் மகரந்தப்பைகள் சிலிர்த்துக்கொண்டு நிற்கும். உச்சியில் வெல்வெட்டுப் பொட்டுகளாக ஐந்து சூலகமுடிகள் தனித்தனியே பிரிந்திருக்கும். செம்பருத்தியின் மகரந்தத்தூள் தாவர உலகில் பெரியது. ஒரு துகளின் குறுக்களவு 0.1 மில்லிமீட்டருக்கு மேல். நெல்லின் மகரந்தம் இதில் பாதிகூட வராது. உடம்பெல்லாம் முட்கள் வேறு. ஆகவே காற்றில் பறக்காது, பட்ட இடத்தில் ஒட்டிக்கொள்ளும். சாதாரணக் கைலென்ஸில் துகள் துகளாகத் தெரியும்.

ஒரு செடியின் பூவைப் பறித்து இதழ்களைக் கிள்ளிவிட்டால் தூண் மட்டும் கையில் நிற்கும். அதையே தூரிகையாக வைத்து, மற்றச் செடியின் பூவில் உள்ள ஐந்து பொட்டுகளிலும் தடவுங்கள். ஐந்திலும் மஞ்சள் தூள் ஒட்டியிருப்பது தெரிய வேண்டும். காம்பில் நூல் கட்டி, எந்தச் செடியின் மகரந்தம், என்ன தேதி என்று ஒரு சீட்டில் பென்சிலால் எழுதி மாட்டிவிடுங்கள். பேனா மை ஒரு மழைக்குத் தாங்காது. சீட்டு இல்லாமல் செய்த கலப்பு பிற்காலத்தில் வெறும் ஊகமாகிப்போகும், ஆகவே இதில் சோம்பல் வேண்டாம்.

பொட்டில் ஒட்டிய ஒவ்வொரு துகளிலிருந்தும் நுண்ணிய மகரந்தக் குழாய் ஒன்று முளைத்து, தூணின் உள்ளே ஓடும் சூலகத்தண்டு வழியாகக் கீழே இறங்க வேண்டும். ஒரு துகளின் அளவோடு ஒப்பிட்டால் சூற்பை வரையுள்ள ஏழெட்டு சென்டிமீட்டர் பெரும் பயணம். செம்பருத்திப் பூவின் ஆயுளோ ஒரு நாள். இந்தப் பயணத்தைக் கெடுப்பதில் முதலிடம் வெப்பத்துக்கு. வெயில் கடுமையானால் மகரந்தம் வீரியம் இழக்கும், குழாய் வளர்ச்சி நின்றுபோகும். மழை பெய்தால் மகரந்தம் நனைந்து வெடிக்கும். அதனால் நம் ஊரில் கலப்புக்கு ஏற்ற காலம் வடகிழக்குப் பருவமழை ஓய்ந்த மார்கழி, தை, மாசி. கத்திரி வெயிலில் எத்தனை பூவில் தடவினாலும் பலன் சொற்பம். பெங்களூர், ஓசூர் போன்ற குளிர்ந்த இடங்களில் இருப்பவர்களுக்கு இந்தக் காலம் இன்னும் நீளும்.

பலித்ததா இல்லையா என்பது ஐந்தாறு நாளில் தெரிந்துவிடும். பலிக்காத பூ காம்பில் உள்ள கணுவோடு கழன்று முழுசாக விழும். பலித்ததில் வாடிய இதழும் தூணும் மட்டும் சுருண்டு கழல, பச்சைப் புல்லிவட்டம் செடியிலேயே நிற்கும். அதற்குள் மிளகை விடச் சற்றுப் பெரிதாக ஒரு மொட்டு. அதுதான் பாடப்புத்தகம் சொன்ன காய். அது முற்ற இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். இந்த இடைவெளியில் செடி வாடினாலோ, தொட்டியை இடம் மாற்றினாலோ காய் பிஞ்சிலேயே உதிர்ந்துவிடக்கூடும். பச்சை மாறிப் பழுப்பாகி, உச்சியில் மெல்லிய கோடுகள் தெரியத் தொடங்கியதும் ஒரு வலைத்துணியைச் சுற்றிக் கட்டுங்கள். காய் ஐந்தாகப் பிளந்து விதைகளைச் சிந்திவிடும்.

பிளந்த காயைக் கையில் எடுத்துப் பார்க்கக் கொடுத்து வைத்திருக்க வேண்டும். ஐந்து அறைகள், ஒவ்வொன்றிலும் சுவரோரம் வரிசையாக, மூன்று நான்கு மில்லிமீட்டர் நீளத்தில் பழுப்பு விதைகள். ஒரு காயில் இரண்டு மூன்றே விதை இருக்கலாம், முப்பதுக்கு மேலும் இருக்கலாம். விதையின் மேல் பூனைமுடி படர்ந்திருக்கும். வெறும் தூசு என்று துடைத்துவிடத் தோன்றும். ஆனால் உலகத்துக்குச் சட்டை போட்டுவிட்ட பொருளின் பங்காளி அது. பருத்தியும் இதே குடும்பம். பஞ்சின் ஒவ்வோர் இழையும் பருத்தி விதையின் தோலிலிருந்து நீண்டு வளர்ந்த ஒற்றைச் செல் முடி. செம்பருத்தி விதையில் குட்டையாக நின்றுபோனது, பருத்தி விதையில் மூன்று சென்டிமீட்டரும் அதற்கு மேலும் நீள்கிறது. பூவரசு, துத்தி, புளிச்சகீரை என்று இந்தக் குடும்பத்தின் மற்ற உறவினர்களையும் தெருவிலேயே பார்க்கலாம்.

இனி விதைக்கலாமா? இங்கேதான் பலர் நம்பிக்கை இழக்கிறார்கள். விதையைத் தண்ணீரில் ஊறவைத்து, மறுநாள் பார்த்தால் சில உப்பியிருக்கும், சில போட்டது போட்டபடி கல்லாகக் கிடக்கும். கிடப்பவை செத்த விதைகள் என்று எறிந்துவிடுவார்கள். அவை உயிரோடுதான் இருக்கின்றன. தண்ணீர் உள்ளே போகவில்லை.

இந்தக் குடும்பத்து விதைகள் பலவற்றின் உறையில், நெருக்கமாக அணிவகுத்து நிற்கும் குச்சி வடிவச் செல்களாலான அடுக்கு ஒன்று உண்டு. அந்தச் செல்களின் சுவர்கள் தடித்து இறுகியவை. விதை முற்றி ஈரம் வற்ற வற்ற இந்த அடுக்கு நீர் புகாத கவசமாகிவிடும். புதிதாகப் பறித்த விதை எளிதில் முளைப்பதும், சில வாரம் காய்ந்த பிறகு அடம்பிடிப்பதும் இதனால்தான். கவசத்தில் ஒரே ஒரு பலவீனமான இடம் உண்டு. சூலாக இருந்தபோது தாயின் உணவுக்குழாய்கள் வந்து முடிந்த, விதையின் அகன்ற முனை அது. இயற்கையில் வெயிலும் குளிரும் மாறி மாறிப் பட்டு, நாள்பட அந்த இடத்தில் ஒரு கீறல் விழும். அது வழியே தண்ணீர் புகும். ஒரு காயின் விதைகள் எல்லாம் ஒரே மழைக்கு முளைத்து, அடுத்த வறட்சியில் ஒட்டுமொத்தமாகக் கருகிவிடாமல், ஆளுக்கொரு காலத்தில் முளைக்க இந்தக் கவசம் வழி செய்கிறது.

இதே குடும்பத்தில், அலையாத்திக் காட்டை ஒட்டிய கரைகளில் மஞ்சளாகப் பூக்கும் நீர்ப்பருத்தி இதை இன்னும் தூரம் கொண்டு போயிருக்கிறது. அதன் விதை கடல்நீரில் மாதக்கணக்கில் மிதந்தாலும் உயிர் போவதில்லை. வெப்பமண்டலக் கடற்கரைகள் எங்கும் அந்த மரம் பரவி நிற்பதற்கு அந்த விதையே சாட்சி.

நமக்கு அடுத்த பருவம் வரை காத்திருக்கத் தேவையில்லை. ஒரு நகவெட்டி போதும். விதையை வெள்ளைக் காகிதத்தின் மேல் வைத்து நன்றாகப் பாருங்கள். ஒரு முனை குறுகலாக இருக்கும், மறுமுனை அகன்று உருண்டிருக்கும். முளைவேர் ஒளிந்திருப்பது குறுகிய முனைப் பக்கம். அங்கே கை வைக்கக் கூடாது. அகன்ற முனையில் தோலை மட்டும் பொட்டளவு நறுக்குங்கள். பழுப்புத் தோலுக்கு அடியில் வெள்ளைப் பருப்பு தெரிந்த கணமே நிறுத்திவிட வேண்டும். வெட்டக் கை நடுங்கினால் உப்புத்தாளில் இரண்டு தேய்ப்புத் தேய்க்கலாம். பிறகு வெதுவெதுப்பான நீரில் ஓர் இரவு. காலையில் விதை இரண்டு மடங்குக்கு உப்பியிருக்கும். உப்பாமல் கிடப்பதை இன்னொரு முறை நறுக்கி மறுபடி ஊறப்போடுங்கள். மிதக்கும் விதை எல்லாம் பதர் என்ற கணக்கை இதில் நம்ப வேண்டாம்; பூனைமுடியில் சிக்கிய காற்றே நல்ல விதையையும் மிதக்கவிடும்.

மண் விஷயத்தில் ஒன்றே ஒன்று முக்கியம்: சுத்தம். தோட்டத்து மண்ணில் உள்ள பூஞ்சைகள் இளநாற்றின் தண்டை மண்மட்டத்தில் அழுகவைத்துச் சாய்த்துவிடும். விவசாயிகள் நாற்றழுகல் என்று சொல்வது இதைத்தான். உப்புப் போக நன்றாக அலசிய தென்னைநார்த்தூளும் ஆற்றுமணலும் பாதிக்குப் பாதி கலந்து, குழித்தட்டிலோ அடியில் ஓட்டை போட்ட காகிதக் கோப்பையிலோ நிரப்பி, அரை சென்டிமீட்டர் ஆழத்தில் விதையை வையுங்கள். ஈரம் இருக்க வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது. குளிர்நாடுகளில் செம்பருத்தி விதை போடுபவர்கள் தட்டுக்கு அடியில் மின்சார வெப்ப விரிப்பு வைக்கிறார்கள். செம்பருத்தி முளைக்கக் கேட்பது 25 முதல் 30 டிகிரி செல்சியஸ். அது நமக்கு வருடத்தில் பாதி நாள் நிழலிலேயே கிடைக்கிறது. மாசியில் கலந்து சித்திரையில் விதை கைக்கு வந்தால், கத்திரி முடியும் வரை காகித உறையில் போட்டு, மூடிய டப்பாவில், குளிர்பெட்டியின் கீழ்த்தட்டில் வைத்திருந்து ஆனி, ஆடியில் போடலாம். காய்ந்த விதை அதற்குள் கெட்டுவிடாது.

நறுக்கி ஊறிய விதை மூன்றாம் நாளே தலைகாட்டலாம், இரண்டு வாரமும் ஆகலாம். முதலில் வளைந்த வெள்ளைத் தண்டு மண்ணைப் பிளக்கும். பிறகு அது நிமிர்ந்து இரண்டு வட்டமான வித்திலைகளை விரிக்கும். விதைத்தோல் தொப்பி போல மாட்டிக்கொண்டு வித்திலைகள் பிரிய முடியாமல் தவித்தால், ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டு ஊறவைத்து விரல்நுனியால் மெல்லக் கழற்றுங்கள். காய்ந்த நிலையில் இழுத்தால் தலை கையோடு வந்துவிடும். உண்மையான இலைகள் மூன்று நான்கு வந்ததும் சிறு பைக்கு மாற்றலாம். இளம் இலை நரம்பு மட்டும் பச்சையாக, இடையெல்லாம் மஞ்சளாக வெளுத்தால் உரப்பற்றாக்குறை என்று முடிவு கட்டிவிடாதீர்கள். ஆழ்குழாய்க் கிணற்று உப்புநீர் மண்ணில் காரத்தை ஏற்றி, இருக்கும் இரும்புச்சத்தை வேர் எடுக்க முடியாமல் செய்திருக்கும். மழைநீரைப் பிடித்து ஊற்றினால் தேறிவிடும்.

பையில் வளரும் இந்த நாற்றுகள் எல்லாம் ஒரே காயில் பிறந்தவை. ஆனால் பூத்தால் ஒன்று இன்னொன்றைப் போல இருக்காது. விதையிலிருந்து செம்பருத்தி வளர்ப்பவர்களை ஆட்டிப்படைக்கும் ஆர்வம் இதுதான். ஏன் இப்படி என்பதற்கு விடை அந்தச் செடியின் குரோமோசோம்களில் இருக்கிறது.

பட்டாணியில் மெண்டல் கண்ட கணக்கை எல்லோரும் படித்திருக்கிறோம். ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி. கலப்புச் செடிகள் இரண்டைச் சேர்த்தால், ஒடுங்கு பண்பு நான்கில் ஒரு பிள்ளையில் வெளியே வரும். செம்பருத்தி இந்தக் கணக்குக்குள் அடங்காது. செம்பருத்தி வகைகளின் குரோமோசோம்களை எண்ணியவர்கள் 36 முதல் 200க்கு மேல் வரை கண்டிருக்கிறார்கள். அதாவது பல வகைகளில் ஒவ்வொரு மரபணுவும் நான்கு, எட்டு என்று பல பிரதிகளாக இருக்கிறது. நான்கு பிரதி உள்ள ஒரு சிவப்புச் செடியை எடுத்துக்கொள்வோம். இரண்டு சிவப்பு நிறம் தருபவை, இரண்டு தராதவை. மகரந்தத்துக்குள் போவது நான்கில் இரண்டு. நான்கிலிருந்து இரண்டை ஆறு விதமாக எடுக்கலாம். இரண்டுமே நிறமில்லாதவையாக வருவது ஒரே ஒரு விதத்தில். சூலிலும் அப்படியே ஆறில் ஒன்று. இரண்டும் சந்தித்துச் சிவப்பே இல்லாத பிள்ளை பிறக்க 36இல் ஒரு வாய்ப்பு. எட்டுப் பிரதி, அதில் பாதி நிறமில்லாதவை என்றால், எட்டிலிருந்து நான்கை எடுக்கும் விதங்கள் 70; அந்தப் பிள்ளை பிறக்கும் வாய்ப்பு 4900இல் ஒன்று. குரோமோசோம்கள் ஒழுங்காகப் பிரிந்தால்தான் இந்தக் கணக்கும். இத்தனை பிரதிகள் இருக்கும்போது அவை எப்போதும் ஒழுங்காகப் பிரிவதில்லை.

இதனால் ஒரு செம்பருத்தி தன் உள்ளே எத்தனையோ நிறங்களையும் வடிவங்களையும் வெளிக்காட்டாமல் சுமந்துகொண்டு நிற்கும். பல தலைமுறை கழித்து ஏதோ ஒரு விதையில் அவற்றில் ஒன்று வெளிப்படும். போத்து வைத்தால் அது வெளிவருவது மிக அரிது.

சுமை இவ்வளவு சேர்ந்ததற்கு இன்னொரு காரணம் மனிதக் கலப்பு. லின்னேயஸ் 1753இல் இதற்கு 'ஹைபிஸ்கஸ் ரோசா-சைனென்சிஸ்' என்று பெயரிட்டு, சீன ரோஜா என்ற பொருளைப் பெயரிலேயே வைத்தார். ஆனால் சீனக் காட்டில் இதன் காட்டுச்செடி இல்லை. வேறெங்கும் ஐயமின்றிக் கண்டறியப்படவும் இல்லை. அறியப்பட்ட காலம் முதலே தோட்டச்செடியாக, கைமாறி வந்த செடியாகத்தான் அது நமக்குக் கிடைத்திருக்கிறது. இதற்கு நெருங்கிய உறவுக்காரக் காட்டுச் செடிகள் கிழக்கு ஆப்பிரிக்கா, மடகாஸ்கர், மொரீசியஸ், ஃபிஜி, ஹவாய் என்று இந்துமாக் கடலிலும் பசிபிக்கிலும் சிதறிக் கிடக்கின்றன. ஆயிரக்கணக்கான மைல் தள்ளி வளர்ந்தாலும் அவற்றில் பல ஒன்றோடொன்று கலக்கும். 1820ஐ ஒட்டிய ஆண்டுகளில் மொரீசியஸில் இருந்த சார்லஸ் டெல்ஃபேர் தோட்டச் செம்பருத்தியை ரொட்ரிக்ஸ் தீவுக்கே உரிய ஓர் இனத்தோடு கலந்தார். பதிவாகியிருக்கும் கலப்புகளில் இதுவே மிகப் பழையவற்றுள் ஒன்று. இதழோரம் கிழிந்து, தலைகீழாகத் தொங்கும் ஜிமிக்கிச் செம்பருத்தி கிழக்கு ஆப்பிரிக்காவின் தனி இனம். அதன் சாயலும் இன்றைய வகைகள் பலவற்றில் கலந்திருக்கிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஹவாய்த் தோட்டக்காரர்கள் இந்தக் கலப்பில் பித்துப் பிடித்து இறங்கினார்கள். செம்பருத்திகளில் மணமுள்ளவை என்று பெயர்பெற்ற வெள்ளைப் பூ இனங்கள் அந்தத் தீவுகளுக்கே சொந்தம்.

இந்தப் பெருக்கத்துக்கு மறுபக்கமும் உண்டு, அதைச் சொல்லாமல் விடுவது நேர்மையல்ல. மொரீசியஸின் மலைச்சரிவுகளில் மட்டும் வாழும் ஓர் அரிய காட்டுச் செம்பருத்தி அழிவின் விளிம்பில் இருக்கிறது. வெளியிலிருந்து கொண்டுவரப்பட்ட தோட்டச் செம்பருத்தியோடு அது கலந்துவிடுவதும் அதன் ஆபத்துகளில் ஒன்று. வாசலில் நமக்கு வேண்டியிருக்கும் கலப்பு, காட்டினத்தின் பக்கத்தில் வேண்டாதது.

விதை போட்ட செடி நல்ல வெயிலில் ஓராண்டில் பூக்கலாம். இரண்டாண்டு ஆவதும் சகஜம். முதல் பூவைப் பார்த்து முடிவெடுக்க வேண்டாம். அது பெரும்பாலும் சிறுத்தோ கோணியோ வரும். நான்கைந்து பூ போன பிறகே செடியின் உண்மையான முகம் தெரியும். நிறத்தையும் ஒரே பருவத்தில் தீர்மானிக்காதீர்கள். சிவப்பும் ஊதாவும் தரும் ஆந்தோசயனின் குளிரில் அதிகம் உண்டாகும், கடும் வெயிலில் குறையும். ஆகவே தையில் நடுக்கண் அடர்சிவப்பாக அகன்று பூத்த அதே செடி, வைகாசியில் வெளிறிய பூவைத் தரும். மஞ்சளும் ஆரஞ்சும் தருபவை பெரும்பாலும் கரோட்டினாய்டுகள், கேரட்டில் உள்ள குடும்பம். இரண்டும் எந்த விகிதத்தில் சேர்கின்றன என்பதைப் பொறுத்துச் செங்கல் நிறம், காப்பி நிறம் எல்லாம் வரும். ஒரு காயில் பிறந்த செடிகளில் பெரும்பாலானவை சாதாரணமாகத்தான் இருக்கும். வேலியோரம் வைக்க அவையும் நல்ல செடிகளே. ஆனால் ஒன்று, கண்ணை எடுக்க முடியாதபடி, பெற்றோர் இருவரிடமும் இல்லாத ஏதோ ஒன்றோடு வரலாம். அப்படிப்பட்ட செடிக்குப் பெயர் வைத்துப் பதியும் உரிமை வளர்த்தவருக்கு உண்டு. இந்தப் பூவின் பெயர்ப் பதிவை உலக அளவில் பேணும் பொறுப்பு ஆஸ்திரேலியச் செம்பருத்திச் சங்கத்திடம் இருக்கிறது.

பெயரை விட அவசரமான வேலை ஒன்று இருக்கிறது. அந்தச் செடி உலகத்திலேயே ஒன்றுதான்; ஒரு பூச்சி தாக்கினாலே அது இல்லாமல் போய்விடலாம். கரீபியத் தீவான கிரெனடாவில் 1994இல் நுழைந்த இளஞ்சிவப்பு மாவுப்பூச்சி, தீவு தீவாகப் பரவிச் செம்பருத்தி வேலிகளைச் சூறையாடியது. அதைத் தின்னும் பொறிவண்டுகளையும் அதனுள் முட்டையிடும் குளவிகளையும் வரவழைத்த பிறகே அடங்கியது. அதே பூச்சி நம் ஊரிலும் உண்டு. கொழுந்து சுருண்டு முடிச்சாகி, வெள்ளைப் பஞ்சு படர்ந்தால், அந்த நுனியை வெட்டி எரித்துவிட்டு, வேப்பெண்ணெயைச் சோப்புக் கரைசலில் கலந்து தெளியுங்கள். எறும்பு ஏறவிடாதீர்கள்; மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்பது அதுதான்.

செடி பென்சில் கனத்துக்குக் கிளை விட்டதும் போத்து எடுங்கள். விதையில் பிறந்த அழகான கலப்புகள் பலவற்றுக்கு வேர் பலம் போதாது. போத்து அழுகினால் வாசலில் நிற்கும் பழைய நாட்டுச் சிவப்பில் ஒட்டுக் கட்டலாம். அதன் வேர் எந்த மண்ணையும் தாங்கும். ஆடி மழைக்குப் பிறகு இரண்டு போத்தை உங்கள் வீட்டில் வையுங்கள். இரண்டை வேறொரு தெருவில், நீங்கள் நம்பும் ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.